ராத்திரி வேர்வை யார் கணக்கில்?

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கங்களில் தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கும் அக்காமார்களுக்கும் தங்கைகளுக்கும்,

'எனக்குத் தைராய்டு இருக்கு' என்று ஒருவர் சொன்னால் நம் ஊரில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. குரல்வளைக்குக் கீழே பட்டாம்பூச்சி போல ஒட்டியிருக்கும் அந்தச் சுரப்பி எல்லோருக்கும்தானே இருக்கிறது என்று வேடிக்கைக்குக்கூட யாரும் சொல்வதில்லை. 'சுகர் இருக்கு', 'பிரஷர் இருக்கு' என்பதைப் போல அதுவும் நோயின் பெயராகவே நிலைத்துவிட்டது. ஆனால் சுகர் என்றாலும் பிரஷர் என்றாலும் கூடுதல் என்று எல்லோருக்கும் தெரியும். தைராய்டு என்ற சொல்லில் அது கூடுதலா, குறைவா என்கிற தகவலே கிடையாது. அந்த ஓட்டை வழியாகத்தான் என்னென்னவோ உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. உடம்பு பருத்தால் தைராய்டு, இளைத்தாலும் தைராய்டு. முடி கொட்டினாலும், கோபம் வந்தாலும், தூக்கம் வராவிட்டாலும், பகலெல்லாம் தூங்கி வழிந்தாலும் அதே பதில். யார் வாங்கியது என்று தெரியாத சரக்கையெல்லாம் ஒரே வீட்டின் பற்றில் எழுதிவைக்கும் மளிகைக் கடை நோட்டு மாதிரி ஆகிவிட்டது அந்தப் பெயர். அந்த நோட்டில் எழுதப்படும் ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல். அது ராத்திரி வேர்வை. வெயிலில் மீன்கூடை சுமந்தால் வரும் வேர்வை அல்ல. ராத்திரி இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ நைட்டியின் முதுகும் கழுத்தோரமும் ஒட்டிக்கொண்டு, தலையணை உறை ஈரமாகி, எழுந்து வேறு துணி மாற்றினால்தான் மறுபடி படுக்க முடியும் என்ற அளவுக்கு வருகிற வேர்வை. மருத்துவர்கள் 'இரவு வியர்வை' என்று தனியாகப் பெயர் சொல்லிக் கேட்பது அதைத்தான். அதை யோசிக்காமல் தைராய்டின் கணக்கில் எழுதாதீர்கள் என்பதே நான் சொல்ல வருவது.

காரணம் எளிது. நீங்கள் மாத்திரை சாப்பிடுவது தைராய்டு குறைவுக்கு. அந்தக் குறைவு வேர்க்க வைக்கும் நோய் அல்ல, வேர்வையை வற்ற வைக்கும் நோய். தைராய்டு சுரப்பிதான் உடம்பின் அடுப்பை எந்த அளவில் எரிய விடுவது என்று முடிவு செய்கிறது. அது மந்தமானால் அடுப்பு தணிந்து எரியும். குளிர் தாங்காது, தோல் வறண்டு சொரசொரக்கும், மலம் கட்டும், நாடி மெதுவாகத் துடிக்கும், முகம் உப்பும், குரல் கட்டும். லண்டன் மருத்துவர் வில்லியம் கல் நடுத்தர வயதுப் பெண்களிடம் இந்த நிலையை 1873லேயே எழுதிவைத்தார். ரத்தப் பரிசோதனை வருவதற்கு முன்னால் அறிகுறிகளை வைத்தே நோயைக் கணிக்க வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தத் தேவைக்காக 1969ல் பில்லவிச் என்பவரும் கூட்டாளிகளும் மதிப்பெண் போடும் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார்கள். 1997ல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் அதைப் புதுப்பித்தார்கள். இரண்டு பட்டியலிலும் வேர்வை உண்டு, ஆனால் 'வேர்வை குறைந்திருக்கிறதா' என்ற கேள்வியாக. வேர்வை குறைந்திருந்தால் தைராய்டு குறைவுக்கு மதிப்பெண் கூடும். ஆக, தைராய்டு குறைவு உள்ள ஒருவர் ராத்திரியில் துணி நனைய வேர்க்கிறார் என்றால் அந்த நோய் தன் இயல்புக்கு நேர்மாறாக நடக்கிறது என்று பொருள். அப்படி நடக்கும்போது நோயைக் காரணம் காட்டிவிட்டு உட்கார முடியாது, வேறு யாரோ வேலை செய்கிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். நோய் வேர்க்க வைக்காது சரி, மாத்திரை வேர்க்க வைக்காதா? வைக்கும். அளவு கூடினால் உடம்பு தைராய்டு கூடுதல் உள்ளவரைப் போல நடந்துகொள்ளும். படபடப்பு, கை நடுக்கம், எடை குறைவு, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, வேர்வை எல்லாம் வரும். இது எங்கோ ஒருவருக்கு நடக்கிற விஷயமும் அல்ல. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 25,862 பேரை வைத்து நடந்த ஆய்வு 2000ல் வெளியானது. அதில் தைராய்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு டிஎஸ்எச் அளவு சரியான எல்லைக்குள் இல்லை. சிலருக்கு மருந்து போதவில்லை, சிலருக்குக் கூடிப்போயிருந்தது. அங்கேயே அப்படியென்றால், ஒருமுறை எழுதிக்கொடுத்த பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் மருந்துக் கடையில் அதே நம்பரை வாங்கிக்கொண்டிருக்கும் நம் பழக்கத்தை என்ன சொல்வது? டிஎஸ்எச் ரிப்போர்ட்டைப் படிப்பதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. டிஎஸ்எச் தைராய்டு சுரப்பது அல்ல, தைராய்டை வேலை வாங்க மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஆள். வேலை நடக்காவிட்டால் அது சத்தத்தைக் கூட்டும், தேவைக்கு மேல் நடந்தால் வாயை மூடிக்கொள்ளும். எனவே டிஎஸ்எச் கூடினால் தைராய்டு குறைவு, டிஎஸ்எச் 0.1க்கும் கீழே போனால் மாத்திரை கூடுதல். ரிப்போர்ட்டில் 'லோ' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு 'இன்னும் குறைவாகத்தான் இருக்கு' என்று தாமாகவே ஒரு மாத்திரை கூட்டிப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாத்திரை வைக்கும் இடத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மாத்திரையில் இருக்கும் தைராக்சின் சூட்டையும் ஈரத்தையும் வெளிச்சத்தையும் தாங்காத மருந்து. ஷீட் கூரை வீட்டில் ஜன்னல் விளிம்பிலோ டி.வி. பெட்டி மேலோ கோடை முழுக்க இருந்த புட்டியில் அதன் வீரியம் குறையலாம். வீரியம் குறைந்தால் டிஎஸ்எச் ஏறும். டாக்டர் 75ஐ 100 ஆக்குவார். அடுத்த மாதம் புதுப் புட்டி முழு வீரியத்தோடு வரும். அப்போது வேர்க்கும். மாத்திரையை விழுங்கிய கையோடு காபி குடிப்பதும், சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் ரத்தசோகைக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்தே போட்டுக்கொள்வதும் இதே கணக்குதான். மருந்து உடம்பில் சரியாக ஏறாது, டோஸ் கூட்டப்படும், ஒருநாள் இரும்பு மாத்திரையை நிறுத்துவோம், தைராக்சின் முழுசாக ஏறும். அதற்குத்தான் காபிக்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னால், இரும்புக்கும் சுண்ணாம்புக்கும் நாலு மணி இடைவெளி விட்டு என்று சொல்கிறார்கள். முடி வளர்வதற்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரை வேறு ஒரு விஷமம் செய்யும். சில ஆய்வகக் கருவிகளில் அது டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும், மருந்து கூடிவிட்டதோ என்று டாக்டரையே திசைதிருப்பும். ஆகவே தைராய்டு கணக்கில் முதலில் பார்க்க வேண்டியது மாத்திரையின் பக்கத்தைத்தான். டோஸ் மாறியிருந்தால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ஒரு டிஎஸ்எச். தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும், அதனால் அவசரப்பட்டு அடுத்த வாரமே பார்ப்பதில் பயனில்லை. அந்த டிஎஸ்எச் சரியான எல்லைக்குள் வந்துவிட்டது, வேர்வை மட்டும் நிற்கவில்லை என்றால் தைராய்டின் பக்கத்தை மூடிவைத்துவிடலாம். இனி வேறு பக்கம் புரட்ட வேண்டும்.

அந்த இடத்தில்தான் நாம் நின்றுவிடுகிறோம். இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது, அதில் ஒரு சாமர்த்தியமே இருக்கிறது என்று நினைக்கிறேன். தைராய்டு என்பது மரியாதையான நோய். பெண் பார்க்க வருகிற வீட்டிலும் சொல்லலாம், வேலை செய்யும் இடத்தில் லீவு கேட்கவும் சொல்லலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், 'எங்க நாத்தனாருக்கும் இருக்கு' என்பார்கள். ராத்திரி வேர்வைக்கு மற்றபடி வரக்கூடிய காரணங்களின் பெயர்களை எடுத்துப் பாருங்கள். மாதவிலக்கு நிற்பது, டி.பி., மனச்சோர்வுக்கான மாத்திரை, கேன்சர், எச்.ஐ.வி. இவற்றில் எதைத் திண்ணையில் உட்கார்ந்து சொல்ல முடியும்? சொல்லக்கூடிய ஒரே பெயர் கையில் இருக்கும்போது, சொல்ல முடியாதவையெல்லாம் அதன் முந்தானைக்குள் ஒளிந்துகொள்கின்றன. சில சமயம் டாக்டரும் அதற்கு ஒத்துழைக்கிறார். சீட்டில் ஏற்கெனவே 'ஹைப்போதைராய்டு' என்று எழுதியிருக்கிறது, வரிசையில் இன்னும் அறுபது பேர் நிற்கிறார்கள், அதிலேயே முடித்துவிட்டால் இருவருக்கும் சௌகரியம்.

மாதவிலக்கு நிற்கிற வயதை எடுத்துக்கொள்ளலாம். இந்தியப் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47. தைராய்டு குறைவு அதிகம் கண்டுபிடிக்கப்படும் வயதும் ஏறத்தாழ அதுவே என்பதால் இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மூளையில் உடல் சூட்டைக் காவல் காக்கும் பகுதிக்குப் பொறுமை போய்விடுகிறது. முன்பு கண்டுகொள்ளாமல் விட்ட சின்ன வெப்ப ஏற்றத்துக்கே இப்போது ரத்தக் குழாய்களைத் திறந்து வேர்வையைக் கொட்டச் சொல்கிறது. மார்பிலிருந்து முகம் வரை ஒரு அனல் ஏறும், சில நிமிடங்களில் நனைந்துவிடும், பிறகு குளிரும். 'கொஞ்ச நாள்ல சரியாயிடும்' என்று பெரியவர்கள் சொல்வது பாதிதான் உண்மை. அமெரிக்கப் பெண்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2015ல் வந்தது. அடிக்கடி இந்த அனலும் வேர்வையும் வந்த பெண்களில் பாதிப் பேருக்கு அது ஏழு வருடத்துக்கு மேலாக நீடித்தது. ஏழு வருடம் தூக்கம் கெடுவதை 'கொஞ்ச நாள்' என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இதற்கு மருத்துவம் உண்டு. ஹார்மோன் எல்லோருக்கும் ஒத்துவராது, ஆனால் வேறு வழிகளும் இருக்கின்றன. அதைக் கேட்க வேண்டிய இடம் பெண்கள் நல மருத்துவரின் அறை. ராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியைப் பிரசவத்துக்கு மட்டுமானது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் ஏராளம். அங்கே மகளிர் நோய்ப் பிரிவும் இருக்கிறது.

டி.பி.யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். இந்தக் கணக்குக் குளறுபடியில் உயிரோடு விளையாடுகிற வரி அதுதான். பெரியவர்கள் எலும்புருக்கி என்றார்கள். இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வேர்வை என்ற நான்கில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பரிசோதித்துப் பார் என்பது டி.பி. தேடுவதில் இப்போதைய பாலபாடம். 'எனக்குத்தான் இருமலே இல்லையே' என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் டி.பி. எவ்வளவு என்று ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. அதை நடத்தியதில் முக்கியப் பங்கு நம் சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு. அந்தக் கணக்கெடுப்பில் டி.பி. உறுதியானவர்களில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று பேரை அறிகுறி கேட்டுக் கண்டுபிடிக்கவில்லை, நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருக்காவிட்டால் அவர்கள் கைநழுவிப் போயிருப்பார்கள். கழுத்துக் கட்டி, வயிறு, முதுகெலும்பு என்று நுரையீரலுக்கு வெளியே வரும் டி.பி.க்கு இருமல் தேவையே இல்லை. தைராய்டு குறைவு உள்ளவருக்கு எடை குறைந்தால் வீட்டில் எல்லோரும் 'மாத்திரை நல்லா வேலை செய்யுது' என்று சந்தோஷப்படுவார்கள். அந்தச் சந்தோஷத்தில் எத்தனை மாதம் வீணாகிறது என்பதை யாரும் எழுதிவைப்பதில்லை.

இந்தப் பெயரைக் கேட்டாலே பயமும் வெட்கமும் ஏன் என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு காலத்தில் டி.பி. என்றால் ஊரைவிட்டு அனுப்புவதுதான் வைத்தியம். 1928ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய சானடோரியத்தின் பெயர் தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையத்துக்கே ஒட்டிக்கொண்டது. அந்த முறையை மாற்றிக் காட்டியதும் இதே சென்னைதான். 1956ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து இங்கே ஒரு காசநோய் மையத்தைத் தொடங்கின. நகரத்தின் ஏழை, நெரிசலான வீடுகளிலிருந்து வந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வுமாக, மறு பாதி தங்கள் குடிசையிலேயே, வேலைக்கும் போய்க்கொண்டு. மருந்து இருவருக்கும் ஒன்றுதான். வருட முடிவில் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959ல் வெளியான அந்த முடிவுதான் உலகம் முழுவதும் சானடோரியங்களை மூட வைத்தது. ஆக, வீட்டிலிருந்தே குணமாகலாம் என்பதை உலகத்துக்கு நிரூபித்தவர்கள் நம்மைப் போன்ற நெரிசல் தெருக்காரர்கள். இப்போது பரிசோதனையும் மருந்தும் அரசில் இலவசம், சாதாரண டி.பி. என்றால் ஆறு மாதத்தில் முடியும்.

தைராய்டும் டி.பி.யும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு நோட்டுகள் என்றும் நினைக்க வேண்டாம். டி.பி.க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் தைராக்சினைக் கல்லீரலில் வேகமாகக் கரைத்துவிடும். அந்த மாதங்களில் உங்கள் தைராய்டு மாத்திரை போதாமல் போகலாம், டி.பி. மருந்து முடிந்த பிறகு கூட்டிய டோஸைக் குறைக்க மறந்தால் அதிகமாகிப் போகலாம். மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.க்குத் தரும் எத்தியோனமைடும், சென்னையின் அந்த ஆய்வில் கொடுத்த பாஸ் என்ற மருந்தும் தைராய்டையே மந்தமாக்கக்கூடியவை. ஓட்டேரி காசநோய் மருத்துவமனையில் ஒரு சீட்டு, தெருமுனை கிளினிக்கில் ஒரு சீட்டு என்று தனித்தனியே வைத்துக்கொண்டு ஒன்றை மற்றவருக்குக் காட்டாமல் இருப்பதால் வருகிற கேடு இது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுகருக்குக் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ போட்டுவிட்டு ராத்திரி சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் நடுராத்திரியில் சர்க்கரை இறங்கிக் கொட்டக் கொட்ட வேர்க்கும், காலையில் தலைவலியோடு எழுவீர்கள். வேர்க்கும் அந்த நேரத்திலேயே குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் பார்த்தால் விடை கிடைத்துவிடும். சத்தமாகக் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கும் இந்த வேர்வை உண்டு. ஐஸ்லாந்தில் நடந்த ஆய்வில் மற்றவர்களைவிட அவர்களிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. தைராய்டு குறைவும் எடையைக் கூட்டி, நாக்கைத் தடிக்க வைத்து அதே மூச்சடைப்புக்கு வழி செய்யும் என்பதால், இங்கே மட்டும் தைராய்டைச் சுற்றுவழியில் குற்றம் சொல்லலாம். செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் வேர்க்க வைக்கும். அதற்காகத் தானாக நிறுத்திவிடாமல் கொடுத்தவரிடம் சொன்னால் போதும். கழுத்திலோ அக்குளிலோ வலிக்காத கட்டி, காய்ச்சல், ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை குறைவு இவற்றோடு வேர்வை சேர்ந்தால் நிணநீர்ப் புற்றைத் தேடிப் பார்ப்பார்கள். அது அபூர்வம். ஆனால் நெடுநாள் தைராய்டு வீக்கம் உள்ளவரின் கழுத்துக் கட்டி சில வாரங்களில் வேகமாகப் பெருத்தால் அந்த வாரமே காட்ட வேண்டும்.

இனி நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு வருகிறேன். முதலாவது, 'இந்த ஊரில் வேர்க்காதவர் யார்?' என்பது. நியாயம்தான். பங்குனி தொடங்கி ஆவணி வரை கடல் ஈரமும் பகலெல்லாம் காய்ந்த ஷீட்டும் சேர்ந்து ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் வீட்டைப் புழுங்க வைக்கும். ஜன்னலைத் திறந்தால் கொசு, திறக்காவிட்டால் அனல். கரண்ட் போனால் சொல்லவே வேண்டாம். ஆனால் புழுக்கத்துக்கு நேர்மை உண்டு. அது ஒரே அறையில் படுத்திருக்கும் நாலு பேரையும் நனைக்கும், படுக்கும்போதே தொடங்கும், விடியற்காலையில் காற்று குளிர்ந்தால் விட்டுவிடும். பக்கத்தில் பிள்ளைகள் உலர்ந்த சட்டையோடு தூங்கும்போது உங்களுக்கு மட்டும் நனைந்தால், ஃபேனுக்கு நேர் கீழே நனைந்தால், மார்கழிப் பனியிலும் துணி மாற்ற வேண்டியிருந்தால் அது புழுக்கம் அல்ல.

இரண்டாவது கேள்வி கனமானது. 'ஆலைப் புகையும் சாம்பலும்தான் எங்கள் தைராய்டைக் கெடுத்தது, இந்த வேர்வையும் அதனால்தான்' என்பது. இந்தக் கோபத்தை எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் சாம்பல் படிந்து கிடப்பது கண்ணால் காணும் உண்மை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அமோனியாவில் பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத்திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். ஆனால் அமோனியா கண்ணையும் தொண்டையையும் நுரையீரலையும் எரிக்கும் வாயு, மாதங்கள் கழித்துத் தினமும் ராத்திரி மூன்று மணிக்கு வந்து வேர்க்க வைக்கும் வழி எதுவும் அதற்கு இல்லை. தைராய்டைப் பொறுத்தவரை, சென்னை உள்பட எட்டு நகரங்களில் ஐயாயிரத்துச் சொச்சம் பெரியவர்களைப் பரிசோதித்த ஆய்வு 2013ல் வந்தது. ஏறத்தாழ நூற்றுக்குப் பதினோரு பேருக்குத் தைராய்டு குறைவு. கடலோர நகரங்களில் அது உள்நாட்டு நகரங்களைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. வடசென்னையைத் தனியே பிரித்துப் பார்க்க அமைந்த ஆய்வு அல்ல அது. அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்பது நம் உரிமை, கேட்கத்தான் வேண்டும். கேட்கும்போது நம் கையில் இருக்க வேண்டியது ஒழுங்கான கணக்கு. மாதவிலக்கு நின்றதால் வந்த வேர்வையையும் சுகர் இறங்கியதால் வந்த வேர்வையையும் ஆலையின் பற்றில் எழுதிக்கொண்டு போனால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த இரண்டை மட்டும் எடுத்துக் காட்டி மற்ற எல்லாவற்றையும் பொய்யாக்கிவிடுவார்.

'வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்' என்றும் சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்காக ஒரு தகவல். அமெரிக்காவில் சாதாரண கிளினிக்குகளுக்கு வந்த 2,267 பேரிடம் கேட்ட ஆய்வு ஒன்று 2002ல் வெளியானது. நூற்றுக்கு நாற்பத்தொரு பேர் அதற்கு முந்தைய மாதத்தில் ராத்திரி வேர்த்ததாகச் சொன்னார்கள். அதே குழுவின் மருத்துவர்கள் பிறகு முதியவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, ராத்திரி வேர்வை இருந்ததாலேயே யாரும் சீக்கிரம் சாகவில்லை என்று கண்டார்கள். பெரும்பாலான ராத்திரி வேர்வை ஆபத்தில்லாதது, அதை ஒளிக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் அந்த ஆய்வு நடந்தது டி.பி. அபூர்வமான நாட்டில். நாம் இருப்பது உலகத்து டி.பி. நோயாளிகளில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் வாழும் நாட்டில். அங்கே 'பொறுத்துப் பார்க்கலாம்' என்பது விவேகம், இங்கே ஒரு எக்ஸ்ரேயும் ஒரு சளிப் பரிசோதனையும் முடிந்த பிறகு பொறுத்துப் பார்ப்பதுதான் விவேகம். செலவும் பெரிதல்ல. டிஎஸ்எச், ரத்த அணுக்கள், சர்க்கரை, நெஞ்சு எக்ஸ்ரே என்ற நாலும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் ஸ்டான்லியில் எடுக்கலாம். முழு உடல் பரிசோதனை என்று கவர்ச்சி காட்டும் பேக்கேஜ்கள் இதற்குத் தேவையில்லை.

கடைசிக் கேள்விதான் எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமானது. 'விடியற்காலையில் போய் வரிசையில் நின்று ஓ.பி. சீட்டு வாங்கி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு உள்ளே போனால் டாக்டர் ஒரு நிமிஷம்கூடப் பார்ப்பதில்லை, இத்தனையும் எப்படிச் சொல்வது?' நேரத்தை நீட்ட என்னிடம் வழி இல்லை. அந்த ஒரு நிமிஷத்தை நிரப்ப ஒரு வழி இருக்கிறது. போவதற்கு முன் ஏழு ராத்திரிக்கு, பிள்ளையின் பழைய நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்துத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு வேர்த்தது, துணி மாற்ற வேண்டியிருந்ததா, சாயங்காலம் தெர்மாமீட்டரில் எவ்வளவு, ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், கடைசியாக விலக்கானது எப்போது, எடை எவ்வளவு என்று அதில் குறியுங்கள். பின்பக்கத்தில் நீங்கள் விழுங்கும் எல்லா மாத்திரையின் பெயரும், முடிக்கும் எலும்புக்கும் வாங்கியதையும் சேர்த்து. உள்ளே போனதும் 'தைராய்டு இருக்கு டாக்டர்' என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஆரம்பித்தால் அவர் கை தானாக டிஎஸ்எச் எழுதப் போய்விடும். 'டாக்டர், மூணு வாரமா ராத்திரி நைட்டி மாத்துற அளவுக்கு வேர்க்குது, வீட்ல வேற யாருக்கும் இல்ல' என்று ஆரம்பித்து, அந்தத் தாளை மேஜைமேல் வையுங்கள். தைராய்டு இருப்பதைத் தாளின் பின்பக்கத்தில் மாத்திரைப் பட்டியலைப் பார்த்து அவரே தெரிந்துகொள்வார்.

அன்புடன்,
வடசென்னைத் தோழி ஒருத்தி